பத்து வயதோடு நின்ற பள்ளி

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் இறப்பர்ப் பால் வெட்டும் வேலை விடியும்போதே தொடங்கிவிடும்; வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். பெற்றோர் மலைக்குச் சென்றபின் லயத்தில் தம்பி தங்கையரைக் காப்பது மூத்த பிள்ளையின் கடமையாயிற்று. 1907ஆம் ஆண்டுச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமார் மீது சுமத்தியது. பத்துக்குப் பின்? பெரும்பாலோருக்குச் செக்ரோலில் பெயர் ஏறும், அவ்வளவுதான்.

மேலே படிக்கப் பட்டணம் போகவேண்டும். அதற்குக் கங்காணி வீட்டு வசதி வேண்டும். அவ்வசதி பெற்று இலக்கியத்தில் உயர்ந்தவர், அயலிலுள்ள நுவரெலியா மாவட்டத்தின் மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை. கொழும்பு நாளந்தாக் கல்லூரியில் பயின்ற அவர், தேயிலைத் தோட்டத்தாரின் துயரை ஆங்கிலத்தில் கவிதையாக்கினார். அத்தோட்டத்தாரோ தமிழே எழுதப் படிக்க வாய்ப்பற்றவர்கள்! 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றமும் சென்றார். மறு ஆண்டே வந்த பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தம் வாக்கையும் பறித்தது. அவரை அனுப்பியவர்களுக்கு மீண்டும் அனுப்பும் உரிமை இல்லாமற் போயிற்று.

எனினும் அவர் எழுத்தை விடவில்லை. மலைநாட்டு வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி 1983இல் நூலாக்கினார், 1984இல் மறைந்தார். அப்பாடல்களைக் கட்டியவர்களிற் பலர் அந்தப் பத்து வயதுப் பள்ளியையும் காணாதவர்கள்.