பொற்கைப் பாண்டியனும் வந்தாறுமூலை மைதானமும்

சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குப் பாண்டியர் குலத்தின் பழங்கதை ஒன்றைச் சொல்கிறது. காவல் சுற்றி வந்த மன்னன், கணவன் ஊரில் இல்லாத ஒரு வீட்டின் கதவைத் தட்டிவிடுகிறான். தன் செயலுக்கு நாணி, தட்டிய கையைத் தானே துணித்துக்கொள்கிறான். பின்னர் பொன்னால் கை செய்து பொருத்திக்கொண்டதால் அவன் பொற்கைப் பாண்டியன் என்று பெயர் பெற்றான். தமிழர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் செயற்கை உறுப்பின் கதை இது.

இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு. அந்தப் பொன் கையைக் கொண்டு அவன் எப்படி உண்டான்? எப்படிக் குதிரையேறினான்? வெட்டுண்ட இடத்தில் இரவு வலித்தபோது யாரிடம் சொன்னான்? கதை நீதியைப் பேசிவிட்டு நின்றுவிடுகிறது. உறுப்பை இழந்த மனிதன் அதன் பின் வாழ்ந்த வாழ்க்கை அதில் இல்லை.

பத்திரிகைக்காரர்களாகிய நாங்களும் அதையே செய்தோம். போர்க்காலச் செய்திகளில் இறந்தோரின் தொகை தலைப்பில் இடம்பெறும். கடைசி வரியில் 'மேலும் பலர் காயமடைந்தனர்' என்று எழுதி முடித்துவிடுவோம். அந்த 'மேலும் பலர்' யார், வைத்தியசாலையிலிருந்து எப்படி வீடு திரும்பினார்கள், திரும்பிய பின் என்ன செய்தார்கள் என்று தொடர்ந்து போய்ப் பார்த்தவர்கள் எங்களில் மிகச் சிலரே. இக்கட்டுரை அந்தக் கடைசி வரியைப் பற்றியது.

மட்டக்களப்பிலிருந்து வடக்கே வாழைச்சேனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறாவூரையும் செங்கலடியையும் கடந்தால் வருவது வந்தாறுமூலை. வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையைச் சேர்ந்த ஊர். ஊர்ப் பெயரை 'வந்து ஆறிய மூலை' என்று பிரித்துப் பொருள் சொல்வது வழக்கம். பேராசிரியர் சி. மௌனகுரு போன்றோர் பயின்ற மத்திய மகா வித்தியாலயம் இங்குதான் இருந்தது. அதன் வளாகத்தில் 1981ஆம் ஆண்டு மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986இல் அதுவே கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று.

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் மூண்டபோது சுற்றுவட்டார ஊர்களின் மக்கள் ஆயிரக்கணக்கில் அந்த வளாகத்தில் வந்து தங்கினர். பெயருக்கு ஏற்ப அது வந்து ஆறும் மூலையாயிற்று. ஆனால் அந்த ஆறுதலும் நீடிக்கவில்லை. செப்டெம்பர் 5 அன்று முகாமிலிருந்து 158 பேரை இராணுவத்தினர் பிடித்துச் சென்றனர். அவர்கள் திரும்பி வரவில்லை. இந்த ஊரின் பெயர் உலகத் தமிழரிடையே இன்றும் அந்த எண்ணோடு சேர்த்தே நினைவுகூரப்படுகிறது.

காணாமற்போனோருக்கு ஓர் எண்ணாவது உண்டு. கால் இழந்தோருக்கு அதுவும் இல்லை. எறிகணையில் இழந்தோர், மிதிவெடியில் இழந்தோர், போராளியாக இருந்து இழந்தோர், விறகு வெட்டவும் மாடு சாய்க்கவும் போய் இழந்தோர் என்று அவர்கள் பலவகையினர். வாவிக்கு மேற்கே படுவான்கரையின் வயல்களும் காடுகளும் நீண்ட காலம் போர்க்களமாக இருந்தன. 2007இல் வாகரையிலும் தொப்பிகலவிலும் போர் முடிந்த பின்னரும் மண்ணுக்குள் வெடிகள் எஞ்சியிருந்தன. பத்தாண்டுகள் கழித்து, 2017இல்தான் மட்டக்களப்பு மிதிவெடியற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை இணைந்ததும் அதே ஆண்டு டிசெம்பரில்தான். உலகம் அந்த உடன்படிக்கையை 1997இலேயே செய்துவிட்டிருந்தது.

கால் போனால் இந்த மண்ணில் என்னென்ன போகும் என்பதை வெளியூர் வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சேற்றில் இறங்காமல் வேளாண்மை இல்லை. தோணியில் நின்று வலை வீசாமல் வாவி மீன் இல்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திக்குப் போனால் மணலில் சம்மணமிட்டு அமர வேண்டும். வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் களரி அதிரக் கால் மிதித்து ஆட வேண்டும். வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து கொம்புமுறி விளையாடும்போது கால் ஊன்றி இழுக்க வேண்டும். பிழைப்பு, வழிபாடு, கலை, விளையாட்டு அனைத்தும் இங்கே காலின் மேல் நிற்பவை.

அந்தக் காலைத் திருப்பித் தர முயன்றவர்களின் வரலாறு பெருமைக்குரியது. இராஜஸ்தானில் 1968இல் எலும்பியல் மருத்துவர் பி. கே. சேத்தியும், பள்ளிப்படிப்பு அதிகமில்லாத கைவினைஞர் இராம்சந்திர சர்மாவும் சேர்ந்து ஜெய்ப்பூர்க் காலை உருவாக்கினர். மேல்நாட்டுச் செயற்கைக் கால்களுக்குச் சப்பாத்துத் தேவை. சம்மணமிட முடியாது, குந்தி இருக்க முடியாது, சேற்றில் இறங்க முடியாது. இரப்பரால் வார்த்த ஜெய்ப்பூர்ப் பாதம் எல்லாப் பக்கமும் வளைந்து கொடுத்தது. வெறுங்காலோடு வரப்பில் நடக்க விட்டது. 1981இல் திருச்சிக்கு அருகே நேர்ந்த பேருந்து விபத்தின் பின் காலை இழந்த நடனமணி சுதா சந்திரன் இந்தக் காலுடன்தான் 1984இல் மீண்டும் மேடையேறினார். 'மயூரி' படம் தமிழ்நாட்டிலும் அந்தக் காலின் பெயரைப் பரப்பியது.

இலங்கையில் கொழும்பு ஃபிரெண்ட் இன் நீட் சொசைற்றி 1985இல் ஜெய்ப்பூர்க் கால் திட்டத்தைத் தொடங்கியது. 1987இல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் பிறந்தது. கிளிநொச்சியில் வெண்புறா நிறுவனம் போர் முடியும் வரை கால்களைச் செய்து கொடுத்தது. தாய்லாந்தில் தஞ்சமடைந்திருந்த கம்போடிய அகதிகளுக்காக 1982இல் உருவான ஹண்டிகப் இன்டர்நேஷனல் என்ற பிரெஞ்சு அமைப்பு மட்டக்களப்பிலும் பணியாற்றியது. 2004இல் ராகமையில் செயற்கை உறுப்புத் தொழில்நுட்பவியலாளரைப் பயிற்றும் பள்ளி தொடங்கியது.

இப்படிப் பலர் கால் கொடுத்தார்கள். ஆனால் கால் கொடுப்பதோடு காரியம் முடிவதில்லை என்பதை உலகம் மெதுவாகவே கற்றது.

வெட்டப்பட்ட கால் வலிக்கும். இல்லாத பாதத்தில் அரிப்பு எடுக்கும். இல்லாத விரல்கள் முறுக்கிக்கொள்ளும். அமெரிக்க மருத்துவர் வியர் மிட்செல் 1871இல் இதற்கு 'மாய உறுப்பு' என்று பெயர் சூட்டினார். தமிழகத்தில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன், 1990களில் ஒரு சாதாரண முகக்கண்ணாடியைக் கொண்டு அந்த வலியைத் தணிக்கும் வழியைக் காட்டினார். ஆனால் கிராமத்தில் ஒருவன் 'இல்லாத கால் வலிக்கிறது' என்று சொன்னால் என்ன நடக்கும்? புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். பேய் பிடித்தது என்று கயிறு கட்டுவார்கள். 'எனக்கும் அப்படித்தான் இருந்தது. நாளடைவில் குறையும். பயப்படாதே' என்று சொல்லத் தகுதியுள்ளவர் ஒருவரே. அவருக்கும் கால் இல்லாதிருக்க வேண்டும்.

இதைத்தான் தன்னொத்தார் துணை என்கிறோம். முதல் உலகப் போரில் உறுப்பிழந்த பிரித்தானியச் சிப்பாய்கள் 1932இல் தமக்கென்று தேசிய அளவில் ஒரு சங்கம் அமைத்தனர். 1995இல், மிதிவெடியில் கால் இழந்த ஜெரி வைற், கென் ரதர்ஃபோர்ட் என்ற இரு அமெரிக்கர்கள் மிதிவெடியிலிருந்து உயிர் தப்பியோருக்கான வலையமைப்பைத் தொடங்கினர். கால் இழந்த ஒருவரே, புதிதாகக் கால் இழந்தவரின் கட்டிலருகே போய் உட்கார வேண்டும் என்பதே அதன் வழிமுறை.

கனடாத் தமிழரின் பிள்ளைகள் ஒவ்வொரு செப்டெம்பரிலும் பாடசாலையில் 'ரெரி பொக்ஸ் ஓட்டம்' ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்தின் தொடக்கம் பலருக்குத் தெரியாது. 1977இல் புற்றுநோயால் 18 வயது ரெரி பொக்ஸின் வலது காலை அகற்ற வேண்டியதாயிற்று. சத்திர சிகிச்சைக்கு முதல் நாள் இரவு, அவருடைய கூடைப்பந்துப் பயிற்றுநர் ஒரு சஞ்சிகைக் கட்டுரையைக் கொண்டுவந்து கொடுத்தார். 1976இல் நியூயோர்க் மரதனைச் செயற்கைக் காலுடன் ஓடி முடித்த டிக் ட்ரோம் என்பவரைப் பற்றியது அது. ரெரியின் மனத்தில் ஓட்டம் விதைக்கப்பட்டது அந்த இரவில்தான். 1980 ஏப்ரல் 12 முதல் செப்டெம்பர் 1 வரை, 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடினார். அடுத்த ஆண்டு இறந்தார். கால் இழந்த ஒருவரின் கதை கால் இழக்கப்போகும் ஒருவருக்கு உரிய நேரத்தில் சென்று சேர்ந்தது. நடந்தது அவ்வளவுதான். பத்திரிகைக்காரன் என்ற முறையில், ஒரு சஞ்சிகைக் கட்டுரை செய்த இந்த வேலை எனக்குப் பெருமையாகவும் எங்கள் 'மேலும் பலர்' என்ற வரியை எண்ணும்போது வெட்கமாகவும் இருக்கிறது.

விளையாட்டு இங்கே எப்படி வந்து சேர்ந்தது? நாசி ஜேர்மனியிலிருந்து தப்பி வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1948 ஜூலை 29 அன்று, இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட 16 பேருக்கு வில்வித்தைப் போட்டி நடத்தினார். அதிலிருந்து 1960இல் உரோமில் பராலிம்பிக் பிறந்தது. உறுப்பிழந்தோர் அதில் இடம்பெற 1976இன் ரொறன்ரோப் போட்டிகள் வரை காத்திருக்க நேர்ந்தது.

மருத்துவமனையில் இருவரைச் சந்திக்க வைத்தால் அவர்கள் நோயைப் பேசுவார்கள். மைதானத்தில் சந்திக்க வைத்தால் ஆட்டத்தைப் பேசுவார்கள். நோய் இடையிடையே தானாக வரும். எந்த உறையை உள்ளே அணிந்தால் புண் வராது, வியர்த்தால் என்ன செய்வது, விழுந்தால் எப்படி விழுவது என்பதெல்லாம் அங்கேதான் கைமாறும். கம்போடியாவில் மிதிவெடியில் கால் இழந்தோருக்கான கரப்பந்தாட்டக் குழுக்களில், முன்னாள் அரச படையினரும் அவர்களை எதிர்த்துப் போரிட்ட முன்னாள் கெமர் ரூஜ் படையினரும் ஒரே அணியில் ஆடினார்கள். 2007இல் அந்நாட்டில் உலகக் கிண்ணப் போட்டியே நடந்தது.

இலங்கை இதில் பின்தங்கிய நாடு அல்ல. 2012 இலண்டனில் பிரதீப் சஞ்சய 400 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றார். அதுவே நாட்டின் முதல் பராலிம்பிக் பதக்கம். 2016 றியோவில் ஈட்டி எறிதலில் வெண்கலம் வென்ற தினேஷ் பிரியந்த, 2021இல் நடந்த ரோக்கியோப் போட்டியில் 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையுடன் தங்கம் பெற்றார். துலான் கொடித்துவக்கு ரோக்கியோவில் வெண்கலமும் 2024 பாரிஸில் வெள்ளியும் வென்றார்.

மூவரும் இராணுவத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய பதக்கங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவை வியர்வையால் வந்தவை. நான் கேட்பது வேறு. காயமடைந்த சிப்பாய் திரும்பிச் செல்லும் இடத்தில் அவரைப் போன்ற இன்னும் பலர் இருந்தார்கள். மைதானமும் பயிற்றுநரும் மாதச் சம்பளமும் இருந்தன. காயமடைந்த விவசாயி, முன்னாள் போராளி, பள்ளிச் சிறுமி ஆகியோர் திரும்பிச் சென்றது தனித்தனி வீடுகளுக்கு. ஒருவருக்கு ஒருவர் துணையாகியிருக்கக் கூடியவர்கள் ஒரே மாவட்டத்தில், ஒருவரை ஒருவர் அறியாமல் வாழ்ந்தார்கள். பதக்கப் பட்டியலில் இல்லாத பெயர்களுக்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல. கூடும் இடம் இல்லாமை.

சிறுவர்களின் நிலை இன்னும் கடினமானது. வளரும் பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது செயற்கைக் காலை மாற்றவோ திருத்தவோ வேண்டும். எலும்பு வளர்ந்து வெட்டிய முனையில் குத்தும். சிலருக்கு மீண்டும் சத்திர சிகிச்சை தேவைப்படும். இல்ல விளையாட்டுப் போட்டியன்று அந்தப் பிள்ளையை நிழலில் உட்கார வைத்து மற்றவர்களின் செருப்புகளைக் காவல் பார்க்கச் சொல்வது நம் வழக்கம். அன்பினால்தான் அப்படிச் செய்கிறோம். அந்த அன்பு பிள்ளைக்குச் சொல்லும் செய்தி என்ன என்பதை நாம் யோசிப்பதில்லை.

போர் முடிந்தது, மிதிவெடி அகற்றப்பட்டது, இனி இது பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இன்று கால்களை எடுப்பவை நீரிழிவும் வீதி விபத்துமே. வெடி நின்றாலும் வெட்டு நிற்கவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதிப்படுத்தியது. அதன் 26ஆம் உறுப்புரை தன்னொத்தார் துணையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 30ஆம் உறுப்புரை விளையாட்டில் பங்குகொள்ளும் உரிமையைச் சொல்கிறது. ஆகவே நாம் கேட்பது தருமம் அல்ல.

கேட்பது பெரிதும் அல்ல. கரப்பந்தாட்டம் 1991 முதல் இலங்கையின் தேசிய விளையாட்டு. அதை அமர்ந்து ஆடும் முறையை 1956இல் நெதர்லாந்தில் வகுத்தார்கள். 10 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலமுள்ள சமதரை போதும். வலையின் உயரம் ஆண்களுக்கு 1.15 மீற்றர், பெண்களுக்கு 1.05 மீற்றர். செயற்கைக் காலைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தரையில் அமர்ந்து ஆடலாம். கால் உள்ளவரும் கூட அமர்ந்து ஆடலாம். அமர்ந்துவிட்டால் யாருக்குக் கால் இல்லை என்பது அங்கே பெரிய வேறுபாடாகத் தெரியாது.

வந்தாறுமூலையில் பல்கலைக்கழகம் இருக்கிறது. இளம் மாணவர்கள் இருக்கிறார்கள். மட்டக்களப்பில் அதே பல்கலைக்கழகத்தின் சுகாதார விஞ்ஞான பீடமும் இருக்கிறது. எழுவான்கரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் மாதம் ஒரு ஞாயிறு, கால் இழந்த முதியவரையும் கால் இழந்த சிறுவரையும் ஒரே வலையின் இரு பக்கத்திலும் அமர்த்த ஒரு பந்தும் ஒரு கயிறும் ஒரு பேருந்தும் வேண்டும். புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்கள் கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும்.

1990இல் அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு அந்த மூலையில் ஆறுதல் கிடைக்கவில்லை. இனி வருகிறவர்களுக்காவது கிடைக்கட்டும்.