வரி கேட்காத நிழல்

சாலையோரம் மரம் நட்ட அரசர்களைச் சரித்திரம் தாராளமாகப் புகழ்ந்திருக்கிறது. மரம் நட்ட குடிமகனிடம் வரி கேட்காமல் இருந்தவர்களை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. எனக்குப் பிடித்தவர்கள் இந்த இரண்டாவது ரகத்தார்தாம்.

1605 முதல் 1627 வரை ஆண்ட ஜஹாங்கீர் பாதுஷா தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு கதை சொல்கிறார். வெயிலில் களைத்து வந்த ஒரு சுல்தானுக்குத் தோட்டக்காரன் மகள் மாதுளம் பழத்தைப் பிழிந்து கிண்ணம் நிறையச் சாறு கொடுத்தாள். மரங்களுக்கு வரி இல்லை என்று கேட்டதும், 'போட்டால் என்ன?' என்று சுல்தான் மனத்துக்குள் நினைத்தான். அவ்வளவுதான், மறுமுறை எத்தனை பழம் பிழிந்தும் கிண்ணம் நிறையவில்லை! கதை இருக்கட்டும். பயிர் நிலத்தில் தோட்டம் போடுகிறவனிடம் தீர்வை வாங்கக் கூடாது என்று பாதுஷா உத்தரவே போட்டுவிட்டார்.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா, மரமற்ற புல்வெளிப் பிரதேசம். குடியேறியவர்களில் பலர் மண்கட்டிகளை வெட்டி அடுக்கித்தான் வீடு கட்டினார்கள். 1869-இல் அந்த ராஜ்யம், மரம் வளர்த்த ஒவ்வோர் ஏக்கருக்கும் 100 டாலர் மதிப்புள்ள சொத்துக்கு வரிவிலக்குத் தந்தது. 1873-இல் மத்திய சர்க்கார் இன்னும் தாராளம் காட்டியது: 160 ஏக்கரில் 40 ஏக்கர் மரம் வளர்த்தால் நிலமே சொந்தம்! வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? மனுப் போட்டு நிலத்தை வளைத்தார்கள். மரம் காகிதத்தில் வளர்ந்தது. 1891-இல் சட்டம் ரத்தாயிற்று.

வளர்த்தவனுக்கு விட்டுக்கொடுப்பது வேறு. வளர்ப்பதாகச் சொன்னவனுக்கு அள்ளிக் கொடுப்பது வேறு. சர்க்கார்கள் இந்த வித்தியாசத்தை மறக்கும்போதெல்லாம் கிண்ணம் நிறைவதில்லை.