நட்சத்திரத்தை இறக்கிய நாள்

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள். அது முடிந்ததும் குடிலைப் பிரிப்போம். சுரூபங்களைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைப்போம். வைக்கோல் மாட்டுக்குப் போகும். மூங்கில் குச்சியில் கலர் பேப்பர் ஒட்டிய நட்சத்திரம் பரண் ஏறும்.

ஒரு வருசம் மட்டும் எங்கள் வீட்டு நட்சத்திரம் டிசம்பரிலேயே இறங்கியது. அண்ணனின் காலேஜ் சீட்டுக்குச் சாதிச் சான்றிதழ் விசாரணை.

"வி.ஏ.ஓ. வர்றாராம். சீக்கிரம் கழட்டுடா. மாதா படத்தையும் எடுத்துப் பானைக்குப் பின்னால வையி" என்றார் அப்பா. அவசரத்தில் ஒரு முனை ஒடிந்தது. அம்மா பேசாமல் பொட்டு வைத்துக்கொண்டாள். அவர் போனபிறகு, "திரும்ப மாட்டவாப்பா?" என்றேன். "வேணாம். திரும்பி வந்தாலும் வருவாரு."

அப்பாவை இப்படி ஒளிய வைத்தது எது? 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாக மாட்டார் என்றது அது. 1956இல் சீக்கியத் தலித்துகளையும் 1990இல் பௌத்தத் தலித்துகளையும் சேர்த்துத் திருத்தினார்கள். கிறிஸ்தவத் தலித்தும் முஸ்லிம் தலித்தும் வெளியே நின்றார்கள். தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித்துக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம். ஊர்க்காரனுக்கு அவர் எப்போதும்போல சேரிக்காரர்தான்.

சென்னையில் செருப்புத் தைத்த சூசை, இந்துச் செருப்புத் தொழிலாளருக்குக் கொடுத்த கடைப்பெட்டி தனக்கும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் போனார். 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பின்னும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறதென்று நிரூபிக்கவில்லையாம்! திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களையும் சாதி பார்த்துப் பிரித்த சுவரைக் கேட்டிருந்தால் அது சொல்லியிருக்கும்.

எங்கள் அப்பாவின் பயம் வீண் பயமல்ல. கிறிஸ்தவரை மணந்த ராமநாதபுரத்து டாக்டர் ஒருவரின் கிளினிக் சுவரில் சிலுவை தொங்கியதைப் பார்த்து, அவருடைய சான்றிதழையே அதிகாரிகள் ரத்து செய்தார்கள். 2021இல் சென்னை உயர் நீதிமன்றம்தான் அதைத் திருப்பிக் கொடுத்தது.

நம் வீடுகளில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பேர், கோயிலுக்கு ஒரு பேர். இதைப் பொய் என்கிறார்கள், ஏமாற்று என்கிறார்கள். சாதி சாமி பார்த்து வருவதில்லை. சலுகை மட்டும் ஏன் சாமி பார்த்து வருகிறது?

ஒடிந்த முனைக்குக் குச்சி வைத்துக் கட்டி, மறு வருசமும் அதே நட்சத்திரத்தை ஏற்றினோம். அது எப்போது இறங்கவேண்டும் என்பதைத் திருநாள் சொல்லட்டும். தாசில்தார் ஆபீஸ் சொல்லவேண்டாம்.