கோழிக்கால் குடிசை

வசிலீசாவின் கதையைப் பாப்-அப் புத்தகமாகச் செய்து பார்க்கலாம் என்று அட்டையும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்தேன். விளையாட்டாகத் தொடங்கியதுதான். உருவம் பற்றிய ஒரு பிரச்சினையில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

கதை ருஷ்யக் கதை. அலெக்சாந்தர் அஃபனாசியெவ் 1855 முதல் 1863 வரை வெளியிட்ட, ஏறத்தாழ 600 கதைகள் கொண்ட தொகுப்பில் உள்ளது. நெருப்பு வாங்கிவரச் சொல்லி வசிலீசாவைக் காட்டுக்குள் பாபா யாகாவிடம் அனுப்புகிறார்கள் மாற்றாந்தாயும் அவள் பெண்களும். இறந்துபோன தாய் கொடுத்த சிறு பொம்மைதான் துணை. கிழவியின் வேலி மனித எலும்பு. வேலிமேல் மண்டையோடுகள், இருட்டினால் அவற்றின் கண்கள் எரியும். வேறு கதைகளில் இந்தக் கிழவியின் குடிசை கோழிக்கால்களின் மேல் நிற்கிறது. காட்டுக்கு முதுகையும் எனக்கு முகத்தையும் காட்டு என்று சொன்னால்தான் திரும்பும். நான் இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். மீறல்தான், ஆனால் கோழிக்காலை விட்டுவிட மனம் வரவில்லை.

அட்டையின் விதி கறாரானது. மடிப்பின் குறுக்கே இரண்டு வெட்டு. நடுப்பட்டையை முன்னால் இழுத்து எதிர்மடிப்பாக மடித்தால் பக்கத்தைச் செங்குத்தாகத் திறக்கும்போது ஒரு பெட்டி எழும். பக்கவாட்டில் பார்த்தால் அது ஓர் இணைகரம். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்தால்தான் புத்தகம் மூடும். என் முதல் குடிசை எழுந்தது. மூடியபோது ஒரு கால் மட்டும் புத்தகத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

இந்த ஒற்றை அட்டை வித்தையில் பெரிய ஆள் வொய்தேக் குபாஷ்டா. 1914-இல் வியன்னாவில் பிறந்து பிராகில் வளர்ந்தவர்; படித்தது கட்டடக்கலை. 1948-இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தபின் செக்கோஸ்லோவேகியாவில் பதிப்பகங்கள் அரசுடைமையாயின. புத்தகங்களை வெளிநாட்டுக்கு விற்றது அர்தியா என்ற அரசு நிறுவனம். 1950களின் பின்பாதியிலிருந்து அதற்காகத்தான் குபாஷ்டா பாப்-அப் செய்தார். ஒட்டுவேலை குறைவு; வெட்டும் மடிப்புமே அதிகம். பின்னட்டை சுவராக நிமிர, அதன் முன்னால் கோட்டையும் காடும் ஆட்களும் எழுவார்கள். கட்டடக்காரனின் கண் அது. அவருக்கு முன் மியூனிக்கின் லோதர் மெக்கென்டார்ஃபர் மெல்லிய செப்புக் கம்பிச் சுருள்களை மூட்டுகளாக வைத்து, ஒரே பட்டையை இழுத்தால் பல உறுப்புகள் ஆடும்படி செய்திருந்தார். அந்த ஆடம்பரம் குபாஷ்டாவுக்கு வேண்டியிருக்கவில்லை. சிக்கனமே அவர் பாணியாகிவிட்டது. 1960களில் இந்தப் புத்தகங்களைப் பார்த்த அமெரிக்கர் வால்டோ ஹன்ட் அவற்றைத் தன் நாட்டில் விற்க முயன்று, நடக்காமல், தாமே பாப்-அப் தொழிலில் இறங்கினார். பிற்காலத்து அமெரிக்க பாப்-அப்பின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆனால் குபாஷ்டாவிடம் எனக்கு ஒரு குறை உண்டு. சின்டரெல்லா, சிவப்புத் தொப்பிக்காரி, உறங்கும் அழகி என்று எல்லாமே வெளிநாட்டுக் கடைக்காரன் கேட்கும் கதைகள். அந்தச் சிரித்த முகங்களுக்கு நடுவே எலும்பு வேலி நிற்குமா? அவருடைய ஓநாய்கூடச் சாதுவாகத்தான் எழும்புகிறது.

பயம் எங்கே இருக்கிறது என்று பார்க்க பிலீபினிடம் போனேன். இவான் பிலீபினின் ‘அழகி வசிலீசா’ 1902-இல் வந்தது. வெளியிட்டது ருஷ்யாவின் ரூபிள் நோட்டுகளை அச்சடித்த அரசு அச்சகம். கம்பி போன்ற கறுப்புக் கோடு, அதற்குள் தட்டையான வண்ணம், சுற்றிலும் காளானும் செடியும் பின்னிய கரை. வசிலீசா மண்டையோட்டைக் கம்பில் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். எதுவும் நம்மை நோக்கி எழவில்லை. தட்டையாக இருப்பதனாலேயே அந்தக் காட்டுக்கு உள்ளே போக வழியில்லை. வெளியே வரவும் வழியில்லை. 1942-இல் லெனின்கிராட் முற்றுகையில் இறந்துபோன இந்த மனிதர், என் அட்டை வேலை முழுவதையும் கேள்விக்குள்ளாக்கிவிட்டார்.

கேள்வி இதுதான்: எல்லாவற்றையும் எழுப்பிவிட்டால் கிழவி பொம்மையாகிவிடுகிறாள். கதையில் குடிசை சொல்லுக்குத்தான் திரும்பும். புத்தகத்திலோ கட்டைவிரல் போதும். திரும்ப மறுக்கும் உரிமை அட்டைக்கு இல்லை.

இரண்டாம் முறை குடிசையை முதுகு காட்டியே எழுப்பினேன். கதவில்லாத பலகைச் சுவர், அடியில் இரண்டு கால்கள். அதைத் திருப்ப எந்தப் பட்டையும் வைக்கவில்லை. கிழவியை வரையவே இல்லை. பகலும் சூரியனும் இரவுமாக வரும் வெள்ளை, சிவப்பு, கறுப்புக் குதிரைக்காரர்களை மட்டும் ஒரு சக்கரத்தில் சுழலவிட்டேன். சக்கரம் பழைய உத்தி. 13-ஆம் நூற்றாண்டிலேயே மாத்யூ பாரிஸ் என்ற ஆங்கிலத் துறவி தம் ஏட்டில் வைத்திருக்கிறார்.

மண்டையோடுதான் மிச்சம். கதையில் அதை வசிலீசா வீட்டுக்குக் கொண்டுவருகிறாள்; அதன் பார்வை மாற்றாந்தாயையும் பெண்களையும் மூலைமூலையாகத் துரத்தி, விடியும்போது கரியாக்கிவிடுகிறது. கண்கள் இரண்டையும் துளைகளாக வெட்டினேன், அந்தப் பக்கத்தில் மட்டுமல்ல, மீதியிருந்த எல்லாப் பக்கங்களிலும், ஒரே இடத்தில். காடு, திரும்பும் வழி, வீட்டுவாசல் என்று எதைப் புரட்டினாலும் அந்த இரண்டு துளைகள் இருக்கும். அடியில் கடைசி அட்டையின் சிவப்பு தெரியும். அந்தக் கடைசிப் பக்கத்தில் மூன்று பெண்கள் அட்டையிலிருந்து எழாமல் தட்டையாகவே நிற்கிறார்கள்.