துரும்பு முதல் கையெழுத்து வரை

துரும்பு கொடுத்தாயிற்று என்றால் கல்யாணம் முறிந்தது என்று பொருள். சாதிசனம் கூடியிருக்கக் கணவன் ஒரு வைக்கோல் துரும்பை நீட்டுவான். மனைவி வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. கள்ளர் சமூகத்தாரிடையே இருந்த இந்த வழக்கத்தை 1909-இல் எட்கர் தர்ஸ்டன் பதிவுசெய்திருக்கிறார். இப்படிப்பட்ட வழக்கங்களை 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமும் அழிக்கவில்லை. 29-ஆம் பிரிவில் இடம்விட்டு வைத்தது.

ஊர்ப் பஞ்சாயத்தில் பெரியவர்கள் சொன்னதுதான் முடிவு. கோர்ட்டுக்குப் போனால் தீர்ப்பு வரும், பகையும் வளரும். முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்று 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டம் நீதிபதிக்கே கடமை விதித்தது. அதற்கென்று தனி அறை கிடைக்க இருபது ஆண்டுகளாயின. 2005 ஏப்ரல் 9 அன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நாட்டின் முதல் நீதிமன்றச் சமரச மையம் திறக்கப்பட்டது. மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு அதற்கு அடித்தளமிட்டார். பிறகு அது மாவட்டங்களுக்கும் பரவியது.

வழக்கே நடத்துவதென்றால் அலைச்சலும் உண்டு. சென்னையின் தெற்குப் புறநகரான பெருங்களத்தூர்க்காரர்களுக்கு மாவட்ட நீதிமன்றம் செங்கல்பட்டில். ஆனால் 2003-இல் வந்த திருத்தப்படி, மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். அவர் நெல்லைக்குத் தாய்வீடு போய்விட்டால், வாய்தாவுக்கு வாய்தா கணவர் ஜி.எஸ்.டி. சாலையில் ராத்திரி பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதுதான்.

சமரச அறையில் கூண்டு இல்லை, ஒரு மேசைதான். சமரசர் இருவரையும் சேர்த்தும் தனித்தனியாகவும் கேட்பார். முடிவைத் திணிக்க அவருக்கு அதிகாரமில்லை. அங்கே பேசியதை வழக்கில் சாட்சியமாக்க முடியாது. அதனால்தான் வாய் திறக்கிறது. பிள்ளை யாரிடம் என்ற ஒற்றைக் கேள்வி அங்கே பல சின்னக் கேள்விகளாகப் பிரியும். எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணிக்கு? கொண்டுவந்து விடுவது யார்? தீபாவளி அம்மாவோடு என்றால் பொங்கல் அப்பாவோடா? ஸ்கூல் பீஸ் யார் கட்டுவது? ராத்திரி எட்டு மணிக்குப் போன் வந்தால் பிள்ளை கையில் கொடுப்பார்களா? இவ்வளவு நுணுக்கமாக எந்தத் தீர்ப்பும் எழுதிவிட முடியாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அடிபட்டு வந்த பெண்ணிடம் “அனுசரிச்சுப் போம்மா” என்கிற பழைய பஞ்சாயத்துக் குரல் இந்த அறைக்குள் நுழையவே கூடாது.

2013-இல் சீனிவாச ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மணமுறிவு வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்பிப் பார்க்கும்படி குடும்ப நீதிமன்றங்களுக்குச் சொன்னது. 2023-இல் சமரசத்துக்கென்றே தனிச் சட்டம் வந்தது. பேசி முடித்ததை எழுதி, இருவரும் கையெழுத்திட்டால் அது நீதிபதி முன் போகும். பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு உண்டான ஆறு மாதக் காத்திருப்பை, எல்லாம் பேசி முடிந்திருந்தால் நீதிமன்றமே தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டிருக்கிறது.