வேன்சேன் காட்டில் இரண்டு யானைகள்

தவளக்குப்பம் தாண்டி அபிஷேகப்பாக்கம், பாகூர் பக்கம் போனால் ஏரிப் பாசனமும் நெல்வயலும்தான். அங்கே யானை கட்டி உழுதவர் யாருமில்லை. ஆனால் 1931-இல் பாரிஸ்காரர்களுக்குப் புதுச்சேரி என்று காட்டப்பட்டது யானைதான்.

அந்த ஆண்டு மே மாதம், பாரிஸின் கிழக்கு ஓரத்து வேன்சேன் காட்டில் பிரான்ஸ் ஒரு பிரம்மாண்டமான காலனிக் கண்காட்சியைத் திறந்தது. பொறுப்பாளர் மார்ஷல் லியோத்தே. அங்கோர்வாட் கோயிலையே அங்கே எழுப்பி வைத்திருந்தார்கள். விற்ற நுழைவுச் சீட்டுகள் மூன்று கோடிக்கும் மேல். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஐந்தும் சேர்ந்து சுமார் மூன்று லட்சம் பேர் வாழ்ந்த பிரெஞ்சிந்தியாவுக்கும் ஒரு மண்டபம் கிடைத்தது. அதன் வாசலில்தான் இரண்டு யானைச் சிலைகள்.

இத்தகைய கண்காட்சிகளில் ஒரு நாட்டின் முகத்தை யார் தீர்மானிப்பது? இதற்குக் கிரேக்கத்தைப் பார்க்க வேண்டும். துருக்கியரிடமிருந்து விடுபட்டு 1830-இல் தனி நாடான கிரேக்கம், 1851 லண்டன் கண்காட்சிக்கே தன் பளிங்கையும் தேனையும் அனுப்பியது. 1900 பாரிஸ் கண்காட்சியில் அது சொந்த மண்டபமே கட்டியது. பார்த்தனன் போலத் தூண்களை நிறுத்தியிருந்தால் ஐரோப்பியர் கைதட்டியிருப்பார்கள். அப்படிச் செய்யாமல் பைசாந்தியத் தேவாலய வடிவில், இரும்புச் சட்டத்தின் மேல் செங்கல் வைத்து எழுப்பினார்கள். பழைய மரபும் புதிய பொறியியலும் ஒரே கட்டடத்தில். வரைந்தவர் லூசியன் மாஞ் என்ற பிரெஞ்சுக்காரர். இருந்தாலும் கண்காட்சி முடிந்ததும் அதைப் பிரித்துக் கப்பலேற்றி ஏதென்ஸுக்குக் கொண்டுபோய் மறுபடி கட்டினார்கள். சிங்ரூ சாலையில் ஆயியோஸ் சோஸ்திஸ் தேவாலயமாக இன்றும் அதில் வழிபாடு நடக்கிறது.

தன் முகத்தைத் தானே தீர்மானிக்கும் அந்த உரிமை புதுச்சேரிக்கு இருக்கவில்லை. காட்டுவதற்குச் சரக்கு இல்லாமலா போயிற்று? அவுரியில் தோய்த்த புதுச்சேரி நீலத்துணி, ‘கினே’ என்ற பெயரில் செனகல் ஆற்றங்கரை வரை போனது. அங்கே பிசின் வாங்கப் பணத்துக்குப் பதிலாக அதையே கொடுத்தார்கள். சுற்றுவட்டாரச் செம்மண்ணில் விளைந்த மல்லாட்டை, மார்செய் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. 1828-லேயே சவானா ஆலை எழுந்துவிட்டது. 1879-இல் வில்லியனூர் வழியே ரயில் வந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ரோடியர் ஆலையின் சங்கும் ஊதத் தொடங்கியது. நவீனம் என்று எதைச் சொன்னாலும் இவைதான் புதுச்சேரியின் நவீனம். ஆனால் ஆலைப் புகைபோக்கியைப் பார்க்க பாரிஸ்காரர் எதற்காகச் சீட்டு வாங்க வேண்டும்? அது அவர் ஊரிலேயே இருக்கிறது. அவருக்கு வேண்டியது யானை. அரசாங்கத்துக்கு வேண்டியதும் அதுதான். பழமையிலேயே உறைந்த மக்கள் என்று காட்டினால்தானே அவர்களை ஆள்வதற்கு நியாயம் பிறக்கும்!

மண்டபத்துக்குள் வராத அந்த ஆலைகளிலிருந்துதான் ஐந்தே ஆண்டில் பாரிஸுக்கு வேறு செய்தி போனது. 1936 ஜூலை 30, சவானா ஆலை. எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டுப் போராடிய தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் இறந்தார்கள். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா பாரிஸ் வரை போய் அமைச்சர்களிடம் வாதாடினார். எட்டு மணி நேர வேலை 1937 ஏப்ரலில் சட்டமானது.

அந்தப் பயணத்தைப் பற்றி அடுத்த வாரம்.