அமெரிக்காவில் பல்கலைக்கழகம் மாறுவது எப்படி? ஐதராபாத் மாணவர்களுக்கு இரு வழக்குகள் உணர்த்தும் பாடம்

ஐதராபாத்: அமெரிக்காவில் முதுநிலைப் படிப்பில் சேர்ந்த மாணவர், அங்கேயே வேறொரு பல்கலைக்கழகத்துக்கு மாறுவதை அந்நாட்டு விதிகள் அனுமதிக்கின்றன. ஆனால், மாறிச் செல்லும் கல்வி நிறுவனத்தின் தன்மையை ஆராயாததால் 2011-லும் 2019-லும் நூற்றுக்கணக்கான இந்திய மாணவர்கள் விசா தகுதியை இழந்தனர். அவர்களில் பெரும்பாலானோர் தெலுங்கு பேசும் மாநிலங்களைச் சேர்ந்தவர்கள்.

ஐதராபாத்தில் அமெரிக்கத் துணைத் தூதரகம் 2008-ஆம் ஆண்டு பேகம்பேட்டை பைகா அரண்மனையில் தொடங்கப்பட்டது. 2023 மார்ச் மாதம் அது நானக்ராம்குடாவில் உள்ள புதிய வளாகத்துக்கு மாறியது. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் பயின்ற இந்தியர்களின் எண்ணிக்கை 3,31,602. அவர்களில் 1,96,567 பேர் முதுநிலை மற்றும் ஆராய்ச்சிப் படிப்பு மாணவர்கள்.

மாறுவதற்கான நடைமுறை

மாணவர்களுக்கான எஃப்-1 விசாவில் உள்ளவர்களின் விவரங்கள் 'செவிஸ்' என்ற மின்னணுப் பதிவேட்டில் பராமரிக்கப்படுகின்றன. பல்கலைக்கழகம் மாறுவது என்பது, சட்டப்படி, இந்தப் பதிவு ஒரு நிறுவனத்திடமிருந்து மற்றொன்றிடம் ஒப்படைக்கப்படுவதாகும்.

முதலில், வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அனுமதி பெற்ற புதிய பல்கலைக்கழகத்தில் சேர்க்கைக் கடிதம் பெற வேண்டும். அதைத் தற்போதைய பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அதிகாரியிடம் அளிக்க வேண்டும். பதிவு விடுவிக்கப்படும் தேதியை அவர் நிர்ணயிப்பார். அந்தத் தேதி வரை முடிவைத் திரும்பப் பெறலாம். அதன் பிறகு பதிவு முழுவதும் புதிய நிறுவனத்தின் பொறுப்பாகிவிடும்.

புதிய பல்கலைக்கழகம் 'ஐ-20' என்ற புதிய சான்றை வழங்கும். அடுத்து வரும் பருவத்திலேயே, அதிகபட்சம் 5 மாதங்களுக்குள், வகுப்புகளைத் தொடங்க வேண்டும். படிப்பு தொடங்கும் நாளிலிருந்து 15 நாள்களுக்குள் அங்குள்ள அதிகாரியிடம் வருகையைப் பதிவு செய்வதும் கட்டாயம்.

படிப்பை முடித்தவர்களுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் மாறுதல் நடைமுறையைத் தொடங்க வேண்டும். படிப்புக்குப் பிந்தைய பணிப் பயிற்சியில், அதாவது 'ஓபிடி'யில் உள்ளவர் மாறினால், பதிவு விடுவிக்கப்படும் நாளிலேயே அந்தப் பணி அனுமதி முடிவுக்கு வரும். பழைய பல்கலைக்கழகத்தில் பெற்ற மதிப்பெண் அலகுகளில் எத்தனையை ஏற்பது என்பதைப் புதிய பல்கலைக்கழகமே தீர்மானிக்கும்.

டிரை-வேலி வழக்கு

கலிஃபோர்னியாவின் பிளசன்டன் நகரில் இயங்கிய டிரை-வேலி பல்கலைக்கழகத்தை 2011 ஜனவரியில் அமெரிக்கக் குடியேற்றத் துறை மூடியது. அங்கு 1,500-க்கும் மேற்பட்டோர் பதிவு செய்திருந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் இந்தியர்கள். ஒன்றுபட்ட ஆந்திரத்தைச் சேர்ந்தவர்களே அவர்களில் அதிகம்.

நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஒரே அடுக்குமாடி வீட்டு முகவரியில் வசிப்பதாகக் காட்டப்பட்டிருந்தது. உண்மையில் அவர்கள் பல்வேறு மாநிலங்களில் வேலை செய்துவந்தனர். வேறு பல்கலைக்கழகங்களில் சேர்ந்து அமெரிக்கா சென்று, பின்னர் இங்கு மாறியவர்களும் அவர்களில் இருந்தனர். சில மாணவர்களின் கணுக்காலில் கண்காணிப்புக் கருவி பொருத்தப்பட்டதற்கு இந்திய அரசு கடும் எதிர்ப்புத் தெரிவித்தது. பல்கலைக்கழக நிறுவனருக்கு 2014-ஆம் ஆண்டு 16 ஆண்டுகளுக்கும் மேலான சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இந்தப் பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அரசின் அனுமதி பெற்றிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

ஃபார்மிங்டன் வழக்கு

மிச்சிகன் மாநிலத்தில் 'ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம்' என்ற பெயரில் இயங்கிய நிறுவனம், விசா முறைகேட்டைக் கண்டறிய அமெரிக்க அதிகாரிகளே உருவாக்கிய போலி அமைப்பு. அதில் ஆசிரியர்களோ வகுப்புகளோ இல்லை. இருந்தும், அரசின் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் அதன் பெயர் இடம்பெற்றிருந்தது.

அதில் சுமார் 600 மாணவர்களைச் சேர்த்துவிட்டதாக 8 முகவர்கள் மீது 2019 ஜனவரியில் வழக்குத் தொடரப்பட்டது. முதற்கட்டமாகக் கைதான 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர்கள். இது குறித்துக் கவலை தெரிவித்து, தில்லியில் உள்ள அமெரிக்கத் தூதரகத்திடம் இந்திய அரசு குறிப்பாணை அளித்தது.

வகுப்புகள் இல்லை என்பதை அறிந்தே மாணவர்கள் சேர்ந்தனர் என்பது அமெரிக்க அரசுத் தரப்பின் வாதம். அரசுப் பட்டியலை நம்பி ஏமாற்றப்பட்டோம் என்பது மாணவர் தரப்பின் வாதம். செலுத்திய கட்டணம் தொடர்பாகத் தொடரப்பட்ட வழக்கைத் தொடர்ந்து விசாரிக்கலாம் என 2024-ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கவனிக்க வேண்டியவை

அரசுப் பட்டியலில் பெயர் இருப்பது மட்டுமே போதிய பாதுகாப்பு அல்ல என்பதை இரு வழக்குகளும் காட்டுகின்றன. வகுப்புகள் முறையாக நடைபெறுகின்றனவா, ஆசிரியர்கள் யார், அங்கீகாரம் வழங்கிய அமைப்பு எது, ஏற்கெனவே படித்தவர்கள் பட்டம் பெற்றுள்ளனரா ஆகியவற்றைத் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். ஆள் சேர்த்தால் கட்டணச் சலுகை தரப்படும் என்று கூறும் நிறுவனங்களைத் தவிர்ப்பது நல்லது.

சேர்ந்த முதல் நாளிலிருந்தே முழுநேர வேலை செய்யலாம் என்ற உறுதிமொழியும் எச்சரிக்கை அறிகுறியே. பாடத்திட்டத்தின் அங்கமான 'சிபிடி' பணிப் பயிற்சிக்குப் பொதுவாக ஓராண்டு படித்திருக்க வேண்டும். தொடக்கத்திலேயே பயிற்சியைக் கட்டாயமாக்கும் முதுநிலைப் படிப்புகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. அத்தகைய முழுநேரப் பயிற்சியை 12 மாதங்கள் மேற்கொண்டவர், அதே நிலைப் படிப்புக்கான 'ஓபிடி' வாய்ப்பை இழப்பார்.

கல்விக் கடன் பெற்றவர்கள், மாறுவதற்கு முன் வங்கியிடம் எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெறுவது அவசியம்.

விதிகள் மாறக்கூடும்

கல்வி நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் படிப்பைக் கைவிட்டாலோ, வகுப்புகளைப் புறக்கணித்தாலோ விசா ரத்து செய்யப்படலாம் என இந்தியாவில் உள்ள அமெரிக்கத் தூதரகம் 2025 மே மாதம் எச்சரித்தது. முதுநிலை மாணவர்கள் படிப்பின் இடையே நிறுவனம் மாறுவதைக் கட்டுப்படுத்தும் வரைவு விதியை அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்டது. படிப்பு முடிந்தபின் வழங்கப்படும் 60 நாள் அவகாசத்தை 30 நாள்களாகக் குறைக்கவும் அதில் முன்மொழியப்பட்டது.

எனவே, முகவரின் சொல்லை மட்டும் நம்பாமல், விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையில் உள்ள விதியைத் தற்போதைய பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அதிகாரியிடம் கேட்டறிந்த பிறகே மாறுதல் குறித்து முடிவெடுப்பது பாதுகாப்பானது.